கீழ்ப்பாக்கம் முதல் ராஜகீழ்ப்பாக்கம் வரை: சமூக மனநலப் பராமரிப்பும் வேலை ஆதரவும் வளர்ந்த வரலாறு

முன்னுரை

தாம்பரம்–வேளச்சேரி சாலையில் சேலையூரைத் தாண்டியதும் வருவது ராஜகீழ்ப்பாக்கம். 2019 நவம்பரில் காஞ்சிபுரம் மாவட்டத்தைப் பிரித்துச் செங்கல்பட்டு மாவட்டம் அமைத்தபோது இப்பகுதி புதிய மாவட்டத்துக்குள் வந்தது. 2021 நவம்பர் 3 அன்று தாம்பரம் மாநகராட்சி உருவானபோது செம்பாக்கம் நகராட்சியோடு சேர்ந்து மாநகராட்சிப் பகுதியானது. பிழைப்பு சென்னையில், அரசு அலுவலகம் செங்கல்பட்டில் என்று இரண்டு பக்கமும் இழுபடும் புறநகர் இது.

இங்கே ஒருவருக்கு மனச்சிதைவு நோய் கட்டுக்குள் வந்துவிட்டது, மாத்திரையைத் தவறாமல் சாப்பிடுகிறார், இனி ஒரு வேலை வேண்டும் என்கிறார். அவர் மூன்று வாசல் ஏற வேண்டும். மருந்துக்கு மக்கள் நல்வாழ்வுத் துறையின் மருத்துவமனை. சலுகைக்கும் சான்றிதழுக்கும் மாற்றுத்திறனாளிகள் நலத்துறை. வேலைக்கு வேலைவாய்ப்பு அலுவலகம்; பெரும்பாலும் நடப்பதோ தெரிந்தவர் கடையில் கேட்டுப் பார்ப்பதுதான். இந்த மூன்றும் ஏன் தனித்தனியாக நிற்கின்றன என்பதே இக்கட்டுரையின் கேள்வி. மனநலப் பராமரிப்பு இருநூறு ஆண்டுகளில் மதிலைத் தாண்டி ஊருக்குள் வந்துவிட்டது. வேலையோ ஒவ்வொரு கட்டத்திலும் பராமரிப்பின் ஓரத்தில் நின்றதே தவிர, அதன் இலக்காக ஏற்கப்படவில்லை என்பது இங்கு முன்வைக்கப்படும் வாதம்.

மதிலுக்குள் வேலை

கிழக்கிந்தியக் கம்பெனியின் அறுவை மருத்துவர் வாலண்டைன் கொனோலி 1794இல் சென்னையில் மனநோய்க் காப்பகம் ஒன்றைத் தொடங்கினார். அந்த மரபின் தொடர்ச்சியாக 1871 மே மாதம் கீழ்ப்பாக்கத்தின் லோகாக் தோட்டத்தில் புதிய காப்பகம் 145 நோயாளிகளுடன் இயங்கத் தொடங்கியது. 1922இல் அதற்கு அரசு மனநல மருத்துவமனை என்று பெயர் மாறியது. 1978இல் மனநலக் கழகம் ஆனது.

காலனிய காலக் காப்பகங்களில் நோயாளிகள் வேலை செய்யாமல் இல்லை. தோட்டவேலை, நெசவு, சமையல் உதவி எல்லாம் வழக்கத்தில் இருந்தன. ஆனால் அந்த வேலைக்குக் கூலி என்ற பேச்சு இல்லை. வெளியே போய்ப் பிழைப்பதற்கான பயிற்சி என்ற நோக்கமும் இல்லை. நோயாளியை அமைதியாக வைத்திருக்கவும் காப்பகச் செலவைக் குறைக்கவும் பயன்பட்ட ஏற்பாடு அது. 1912ஆம் ஆண்டு மனநோயாளர் சட்டமும் ஒருவரை எப்படி உள்ளே அனுப்புவது, யார் ஆணையிடுவது என்பதையே முதன்மையாகப் பேசியது. வெளியே வந்தவர் என்ன செய்வார் என்பது சட்டத்தின் கவலையாக இல்லை.

மதிலின் இன்னொரு விளைவு இன்றும் தொடர்கிறது. கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப்பெயரே சென்னைப் பேச்சிலும் சினிமா நகைச்சுவையிலும் வசைச்சொல் ஆகிவிட்டது. அங்கே சிகிச்சை பெற்ற சீட்டு கையில் இருப்பவர் வேலை கேட்கும் இடத்தில் அதைக் காட்டத் தயங்குவதற்கு இந்த வரலாறே காரணம்.

தாம்பரத்தின் முன்னுதாரணம்

நோயாளியைத் தனியே வைத்துத்தான் குணப்படுத்த வேண்டுமா என்ற கேள்வி தாம்பரத்துக்குப் பழையது. டாக்டர் சௌரி முத்து 1928இல் இங்கே நிறுவிய காசநோய் சானடோரியத்தை அரசு 1937இல் ஏற்றது. ரயில் நிலையம் இன்றும் அந்தப் பெயரைத்தான் சுமக்கிறது. நல்ல காற்று, ஓய்வு, சத்துணவு, ஊரைவிட்டு விலகிய வாழ்வு என்பதே அன்றைய சிகிச்சை.

அந்த நம்பிக்கையைத் தகர்த்ததும் சென்னை ஆய்வு ஒன்றுதான். 1956இல் தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையம் 193 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு வீட்டிலும் மற்றவர்களுக்குச் சானடோரியத்திலும் ஒரே மருந்தைக் கொடுத்தது. நெருக்கடியான வீடு, குறைந்த உணவு என்ற நிலையிலும் வீட்டுச் சிகிச்சை பின்தங்கவில்லை என்று 1959இல் முடிவு வெளியானது. குடும்பத்தாருக்குக் கூடுதல் ஆபத்தும் தென்படவில்லை. உலகம் முழுவதும் காசநோய்ச் சிகிச்சை வீட்டுக்குத் திரும்ப இது வழிவகுத்தது.

அதே பத்தாண்டில் மனநோய்க்கும் குளோர்புரோமசைன் முதலான மருந்துகள் வந்தன. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் 1957இல் தொடங்கியபோது நோயாளியோடு குடும்பத்தாரையும் தங்கவைத்தது. ஆனால் இரு நோய்களுக்கும் அடிப்படை வேறுபாடு ஒன்று உண்டு. காசநோய் மருந்துக்கு ஒரு முடிவுத் தேதி இருக்கிறது. அதன்பின் நோயாளி பழைய வேலைக்குத் திரும்புகிறார். மனச்சிதைவு பெரும்பாலும் இருபதுகளில், வேலையே தொடங்காத வயதில் வருகிறது. திரும்பிப் போக அவருக்குப் பழைய வேலை என்று ஒன்று இருப்பதில்லை. வீட்டுக்கு மருந்து வந்தால் மட்டும் போதாது என்பது இங்கிருந்தே தொடங்குகிறது.

சாரதா மேனன் காலம்

1961 முதல் 1978 வரை கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்த டாக்டர் எம். சாரதா மேனன், பராமரிப்பின் திசையை மாற்றியவர். புறநோயாளிப் பிரிவை வலுப்படுத்தினார். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவுகள் வரக் காரணமானார். தன்னார்வ அமைப்புகளை உள்ளே அழைத்தார். ஓய்வுக்குப் பின் 1984இல் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனமான ஸ்கார்ஃபை நிறுவினார். 1992இல் பத்மபூஷண் பெற்ற அவர் 2021 டிசம்பரில் 98ஆம் வயதில் காலமானார்.

ஸ்கார்ஃப் தொடக்கம் முதலே மருந்தோடு தொழிற்பயிற்சியையும் சேர்த்தே வைத்தது. பகல்நேர மையத்துக்கு வந்து ஏதாவது ஒரு கைத்தொழில் கற்பது, சிறு தொகை ஈட்டுவது என்பது அன்றைய முறை. மேலைநாடுகளிலும் அக்காலத்தில் 'முதலில் பயிற்சி, பிறகு வேலை' என்ற வரிசையே இருந்தது. 1990களில் அமெரிக்காவின் டார்ட்மவுத்தில் ராபர்ட் டிரேக்கும் டெபோரா பெக்கரும் இந்த வரிசையைத் தலைகீழாக்கினர். விருப்பம் உள்ளவரை முதலில் சாதாரணச் சந்தை வேலையில் சேர்த்துவிட்டு, அங்கேயே கூட நின்று பழக்குவது அவர்கள் முறை. வேலை ஆலோசகர் மருத்துவக் குழுவிலேயே ஓர் உறுப்பினர் என்பது அதன் உயிர்நாடி. அதைத்தான் நம் அமைப்பு இன்றளவும் கடன் வாங்கவில்லை.

ஆய்வுகள் காட்டிய வேலை

முதல்முறை மனச்சிதைவுக்கு ஆளான 90 பேரை 1981 முதல் பின்தொடர்ந்த சென்னை நெடுங்கால ஆய்வு, டாக்டர் ஆர். தாரா முதலானோரால் பல பத்தாண்டுகள் நடத்தப்பட்டது. பத்தாண்டு முடிவில் ஆண்களில் பெரும்பாலோர் ஏதேனும் ஒரு வேலையில் இருந்தனர். பணக்கார நாடுகளின் ஆய்வாளர்களை இது வியக்கவைத்தது. ஆனால் இதை அமைப்பின் வெற்றியாகப் படிக்க முடியாது. அன்று போதிய உதவித்தொகை இல்லாத நாட்டில் ஆண் சம்பாதித்தே ஆகவேண்டும் என்ற நெருக்கடி, மாமன் மச்சான் கடை, சொந்த நிலம், தெரிந்த முதலாளி ஆகியவையே அந்த வேலைகளைத் தந்தன. குடும்பம்தான் வேலைவாய்ப்பு அலுவலகமாக இருந்தது.

குடும்பம் கைவிட்டவருக்கு இந்த வழியும் அடைபட்டது. கணவனைப் பிரிந்த, மணமுறிவுக்கு உள்ளான நோயாளிப் பெண்கள் பற்றிய சென்னை ஆய்வுகள் அவர்களின் இரட்டைச் சுமையைப் பதிவுசெய்தன. வீட்டுவேலையை நாள் முழுவதும் செய்யும் பெண்ணின் உழைப்பு எந்தக் கணக்கிலும் வேலையாகப் பதியவில்லை. புறநகரில் கூட்டுக்குடும்பம் சுருங்கி, ஊரிலிருந்து வந்து வாடகை வீட்டில் தனித்திருக்கும் குடும்பங்கள் பெருகப் பெருக, அந்தப் பழைய வேலைவாய்ப்பு வலையும் மெலிந்துகொண்டே வருகிறது.

தெருவிலிருந்து வீட்டுக்கு

வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் 1993இல் தொடங்கிய பான்யன் என்ற தன்னார்வ அமைப்பு, மனநோயோடு தெருவில் திரிந்த பெண்களுக்கு 'அடைக்கலம்' தந்தது. பின்னர் அதன் பணி கோவளம் வட்டாரத்துக்கும் விரிந்தது. 2015இல் வந்த 'மீண்டும் வீடு' திட்டத்தில், நீண்டகாலம் நிறுவனத்தில் இருந்தவர்கள் சிலராகச் சேர்ந்து சாதாரணத் தெருவில் வாடகை வீட்டில் வாழ்கின்றனர், உதவியாளர் உடனிருக்கிறார். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட சமூக மனநலச் சேவை வழிகாட்டியில் இதை நன்முறைகளுள் ஒன்றாகச் சேர்த்தது.

இடையில் ஏர்வாடித் தீவிபத்து நிகழ்ந்தது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, இராமநாதபுரம் மாவட்டத்தில் ஒரு தனியார் மனநோயாளிகள் விடுதியில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் தப்ப முடியாமல் 28 பேர் இறந்தனர். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. உரிமமற்ற விடுதிகள் மூடப்பட்டன. அரசின் கவனம் அடைப்பதிலிருந்து அருகில் சென்று சேவை தருவதற்குத் திரும்ப இது ஒரு பெரும் உந்துதல்.

ஊருக்குள் வந்த பணியாளர்

1982இல் தேசிய மனநலத் திட்டமும், கர்நாடகத்தின் பெல்லாரியில் சோதித்த முறையைக் கொண்டு 1996இல் மாவட்ட மனநலத் திட்டமும் வந்தன. தமிழகத்தில் முதலில் வாய்ப்புப் பெற்றது திருச்சி. மாவட்டக் குழு வட்டார மருத்துவமனைகளில் முறைவைத்து முகாம் நடத்துவதால், மாத்திரைக்காகக் கீழ்ப்பாக்கம் வரை போகும் அலைச்சல் பலருக்குக் குறைந்தது. 2022 அக்டோபர் 10 முதல் 14416 என்ற எண்ணில் தொலைபேசி ஆலோசனையும் கிடைக்கிறது. ஆனால் முகாமின் கணக்கேட்டில் வந்தவர் எண்ணிக்கையும் கொடுத்த மருந்தும் ஏறுகின்றன. வேலைக்குப் போனாரா என்பதற்குப் பத்தி இல்லை.

அந்தப் பத்தியை நிரப்பிக் காட்டிய முயற்சி ஒன்று இதே வட்டாரத்தில் நடந்தது. தமிழ்நாடு, கோவா, மகாராஷ்டிரத்தின் சத்தாரா ஆகிய மூன்று இடங்களில் மனச்சிதைவு கொண்ட 282 பேரிடம் நடந்த ஆய்வு 2014இல் லான்செட் இதழில் வெளியானது. தமிழகப் பகுதி அன்றைய காஞ்சிபுரம் மாவட்டக் கிராமங்களில் ஸ்கார்ஃப் பொறுப்பில் இருந்தது. மருத்துவமனைச் சிகிச்சையோடு, பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளரின் வீட்டு வருகையும் 187 பேருக்குக் கிடைத்தது. 95 பேருக்கு மருத்துவமனைச் சிகிச்சை மட்டும். பணியாளர் மருந்து சாப்பிட்டாரா என்று மட்டும் பார்க்கவில்லை. குடும்பத்தாரிடம் நோயை விளக்கினார். உதவித்தொகை விண்ணப்பத்துக்கு வழிகாட்டினார். வேலைக்கும் அக்கம்பக்கப் புழக்கத்துக்கும் நோயாளியைத் தயார்ப்படுத்தினார். ஓராண்டில் கிடைத்த பலன் அளவானதுதான். அதுவும் நோயின் அறிகுறியைவிட இயலாமையைக் குறைப்பதில்தான் கூடுதலாகத் தெரிந்தது. மூன்று வாசலையும் ஒரே ஆள் ஏறி இறங்கினால் என்ன நடக்கும் என்பதற்கு இதுவே சான்று.

சட்டமும் சான்றிதழும்

1995ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் மனநோயையும் ஊனமாக ஏற்றது. ஆனால் அரசு வேலையின் 3 விழுக்காடு ஒதுக்கீட்டைப் பார்வை, செவி, கை கால் குறைபாடுகளுக்கு மட்டுமே தந்தது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் ஒதுக்கீட்டை 4 விழுக்காடாக்கி, அதில் 1 விழுக்காட்டை மனநோய், ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, குறிப்பிட்ட கற்றல் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவற்றுக்குப் பொதுவாக்கியது. மத்திய ரிசர்வ் காவல் படை அதிகாரி ஒருவர்மீது, மனநோய்க் காலத்தில் நடந்தவற்றுக்காக எடுக்கப்பட்ட ஒழுங்கு நடவடிக்கையை 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்து, பணியில் இருப்பவரின் பாதுகாப்பையும் வலுப்படுத்தியது.

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், 2018 முதல் நடைமுறையில் உள்ளது. குடும்பம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக யாரையும் மருத்துவமனையில் வைத்திருக்கக் கூடாது என்கிறது. இடைநிலை இல்லம், வீட்டிலேயே மறுவாழ்வு ஆகியவற்றை உரிமையாக்குகிறது. வேலை பற்றிய விதிகளோ 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் உள்ளன. சிகிச்சைக்கு ஒரு சட்டம், வேலைக்கு இன்னொரு சட்டம், இரண்டுக்கும் வெவ்வேறு துறை என்று பழைய பிளவு புதிய தாளில் மீண்டும் எழுதப்பட்டது.

இந்தப் பிளவின் கூர்மை சான்றிதழில் தெரியும். இந்திய மனநல மருத்துவர் சங்கம் உருவாக்கி 2002இல் அரசு ஏற்ற ஐடியாஸ் அளவுகோல் நான்கு தலைப்புகளில் ஆளை மதிப்பிடுகிறது: தன்னைப் பேணுதல், பிறரோடு பழகுதல், பேச்சும் புரிதலும், வேலை. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை புள்ளி. நோயிருந்த காலத்துக்குத் தனிப் புள்ளி. மொத்தம் 20. கூட்டுத்தொகை 7ஐத் தொட்டால்தான் 40 விழுக்காடு ஊனம். ஒதுக்கீட்டுக்கு அதுதான் நுழைவாயில். கடைக்கு ஒழுங்காகப் போய்வரத் தொடங்கியவரின் வேலைப் புள்ளி குறைகிறது. 7 என்பது 6 ஆனால் சான்றும், அதை நம்பிய சலுகையும் கைநழுவும். உழைக்க முடியாதவர் என்று நிரூபித்தவருக்கே உழைப்பதற்கான உதவி என்ற முரணில், வேலை தேடுவதே ஆபத்து என்று குடும்பங்கள் கணக்குப் போடுவதில் வியப்பில்லை.

முடிவுரை

தேசிய மனநலக் கணக்கெடுப்பு (2015–16) பல்வேறு மனநோய்களுக்கான சிகிச்சை இடைவெளியை 70 முதல் 92 விழுக்காடு வரை என்று கணித்தது. எனவே மருந்தை அருகில் கொண்டுவரும் பணியே இன்னும் முடியவில்லை. ஆயினும் அதை முடித்துவிட்டு வேலையைப் பார்ப்போம் என்ற வரிசைதான் இருநூறு ஆண்டுகளாக வேலையைக் கடைசியில் நிறுத்தியிருக்கிறது.

தாம்பரம் மாநகராட்சி போன்ற பகுதியில் இதற்கான துண்டுகள் ஏற்கெனவே உள்ளன. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தின் பணியாளர்கள் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரையோடு வீட்டு வாசல் வரை வருகிறார்கள். உலக வங்கி உதவியுடன் நடக்கும் உரிமைகள் திட்டத்தின் 'விழுதுகள்' மையங்கள் மாற்றுத்திறனாளிகளுக்குப் பல சேவைகளை ஒரே கூரையில் தர முயல்கின்றன. தாம்பரம் சானடோரியத்திலேயே 1984 முதல் இயங்கும் ஏற்றுமதி மண்டலமான மெப்ஸ் இருக்கிறது. சாலை நெடுகக் கடைகளும் பட்டறைகளும் இருக்கின்றன. இல்லாதது இவற்றுக்கிடையே நடக்கும் ஆள்.

வரலாறு காட்டும் மாற்றங்கள் இரண்டு. மாவட்ட மனநலக் குழுவில் வேலை ஆலோசகர் ஒருவர் நிரந்தர உறுப்பினராக வேண்டும். முதலாளியிடம் பேசுவதும் முதல் சில மாதங்கள் உடன்நிற்பதும் அவர் பொறுப்பு. வேலையில் சேர்ந்தவரின் சான்றிதழ் ஒரு குறிப்பிட்ட காலத்துக்கு மறுமதிப்பீட்டிலிருந்து காக்கப்பட வேண்டும். ஐடியாஸ் தாளில் வேலை என்ற தலைப்பு ஏற்கெனவே இருக்கிறது. இன்று அது இயலாமையை அளக்கிறது. ஒவ்வொரு முகாமிலும் அதே தலைப்பை மீண்டும் அளந்து பதிவுசெய்தால், ராஜகீழ்ப்பாக்கத்தில் எத்தனை பேர் மாத்திரை வாங்கினார்கள் என்பதோடு எத்தனை பேர் சம்பளம் வாங்கினார்கள் என்பதும் அரசின் கணக்கில் ஏறும்.