கேமராவுக்குப் பின்னால் மாணவர்கள் – பள்ளித் தொலைக்காட்சியின் கதை

மதுரைப் பக்கம் 1980-களில் வளர்ந்தவர்களிடம் தொலைக்காட்சியைப் பற்றிக் கேட்டால் முதலில் நிகழ்ச்சிகளைப் பற்றிச் சொல்ல மாட்டார்கள், ஆன்டெனாவைப் பற்றித்தான் சொல்வார்கள். சென்னையில் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15 அன்றே தொடங்கிவிட்டது. ஆனால் அந்த அலை மதுரை வரை எட்டவில்லை. 1982-ல் இலங்கையில் ரூபவாஹினி வந்ததும் தென் மாவட்டங்களில் மொட்டை மாடிக்கு மாடி நெட்டைக் குழாய்கள் முளைத்தன. மேலே ஒருவர் குழாயைத் திருப்ப, கீழே இருந்து ஒருவர் "தெரியுது... தெரியுது... போச்சு!" என்று கத்த, அதுவே ஒரு நிகழ்ச்சிதான். பிறகு கொடைக்கானல் மலையில் தூர்தர்ஷன் கோபுரம் வந்தது. ஆன்டெனாக்கள் எல்லாம் அந்தப் பக்கம் திரும்பின.

இதில் பிள்ளைகள் எங்கே இருந்தார்கள்? பெட்டிக்கு முன்னால், தரையில். சென்னைத் தூர்தர்ஷனின் 'கண்மணிப் பூங்கா' போன்ற நிகழ்ச்சிகளில் சில குழந்தைகள் ஸ்டூடியோவுக்குப் போய்ப் பாடினார்கள், பேசினார்கள். ஆனால் என்ன பாடுவது, எவ்வளவு நேரம், எந்தப் பக்கம் பார்ப்பது என்பதையெல்லாம் பெரியவர்கள்தான் முடிவு செய்தார்கள். பள்ளி மாணவர்களே திட்டமிட்டு, படம் பிடித்து, வெட்டி ஒட்டி ஒளிபரப்பும் நிகழ்ச்சி என்பது யாருடைய யோசனையிலும் இல்லை.

இந்தியத் தொலைக்காட்சி பள்ளிகளை மறந்துவிட்டது என்று சொல்ல முடியாது. 1959-ல் டெல்லியில் தொடங்கிய ஒளிபரப்பு, 1961-லேயே ஃபோர்டு அறக்கட்டளை உதவியோடு உயர்நிலைப் பள்ளிகளுக்கு இயற்பியல், வேதியியல் பாடங்களைக் கொடுத்தது. ஆய்வகமும் நல்ல ஆசிரியரும் குறைவு, அதனால் ஒரு நல்ல ஆசிரியரை எல்லா வகுப்பறைக்கும் அனுப்பலாம் என்பது கணக்கு. 1975-76-ல் அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றைக் கடன் வாங்கி 6 மாநிலங்களின் சுமார் 2,400 கிராமங்களுக்கு ஒளிபரப்பிய 'சைட்' திட்டத்திலும் காலை நேரம் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கப்பட்டது. ஆந்திரம், கர்நாடகம், ஒடிசா, பீகார், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான்... தமிழ்நாடு அந்தப் பட்டியலில் இல்லை. 1980-களில் பள்ளிகளுக்கான நிகழ்ச்சிகளைத் தயாரிக்க மாநிலக் கல்வித் தொழில்நுட்ப நிறுவனங்கள் 6 இடங்களில் அமைந்தபோதும் தமிழ்நாடு இல்லை!

கல்லூரி அளவில் மதுரைக்கு ஒரு வாய்ப்பு வந்தது. பல்கலைக்கழக மானியக் குழு 1984 ஆகஸ்ட் 15 முதல் தூர்தர்ஷனில் 'நாடு தழுவிய வகுப்பறை' என்ற நிகழ்ச்சியை நடத்தியது. அதற்குப் படங்கள் தயாரிக்க நாட்டின் பல பல்கலைக்கழகங்களில் மையங்கள் அமைந்தன. அப்படி ஒன்று மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துக்கும் கிடைத்தது. கேமரா, படத்தொகுப்பு அறை எல்லாம் பல்கலைநகருக்கு வந்தன. ஆனால் அங்கும் பேசியவர்கள் பேராசிரியர்கள், இயக்கியவர்கள் தயாரிப்பாளர்கள். பள்ளிப் பிள்ளைக்கு அந்தக் கதவு திறக்கவில்லை.

சரி, உலகத்தில் எங்காவது இது நடந்ததா? நடந்தது. ஜப்பானில் என்.எச்.கே. நிறுவனம் 1954 முதல் உயர்நிலைப் பள்ளிகளுக்கான ஒலிபரப்புப் போட்டியை நடத்துகிறது. பின்னாளில் தொலைக்காட்சி ஆவணப்படமும் அதில் சேர்ந்தது. அமெரிக்காவில் 1972-ல் பெரிய கேபிள் நிறுவனங்கள் கல்விக்கென்று ஒரு சேனலை ஒதுக்க வேண்டும் என்று விதி வந்தது. 1979-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஆனால் 1984-ல் வந்த கேபிள் சட்டம், உள்ளூர் நிர்வாகங்களே அப்படிக் கேட்டுப் பெறலாம் என்றது. அங்கே பள்ளித் தொலைக்காட்சி வளர்ந்ததற்குக் கேமரா மலிவானது மட்டும் காரணம் இல்லை. எடுத்ததைக் காட்ட ஓர் இடம் காத்திருந்தது. இந்தியாவில் கல்வி நிறுவனங்கள் சமூக வானொலி உரிமம் பெறலாம். அண்ணா பல்கலைக்கழகத்தின் வானொலி 2004-ல் தொடங்கியது அப்படித்தான். ஆனால் சமூகத் தொலைக்காட்சி என்று ஓர் உரிமமே இங்கே கிடையாது. ஆகவே ஒரு பள்ளி எவ்வளவு நல்ல நிகழ்ச்சி எடுத்தாலும் இன்னொருவர் சேனலின் தயவு வேண்டும்.

அந்தத் தயவு, மதுரையிலிருந்து தேனி, கம்பம் வழியாகக் குமுளி மலை ஏறினால் கிடைத்தது. கேரளத்தின் 'விக்டேர்ஸ்' திட்டத்தை 2005 ஜூலை 28 அன்று திருவனந்தபுரத்தில் தொடங்கி வைத்தவர் அப்துல் கலாம் (ராமநாதபுரம் சுவார்ட்ஸ் பள்ளியில் படித்த நம் பக்கத்துக்காரர்தான்). கல்விக்கென்றே 2004-ல் ஏவப்பட்ட எஜுசாட் செயற்கைக்கோள் அதற்கு உதவியது. 2006-ல் அது முழுச் சேனலானது. 2018 ஜனவரி 22 அன்று 'லிட்டில் கைட்ஸ்' என்ற மாணவர் மன்றம் தொடங்கப்பட்டது. சுமார் 2,000 உயர்நிலைப் பள்ளிகளில், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள்!

இது நடக்கும் விதம்தான் கவனிக்க வேண்டியது. எட்டாம் வகுப்பில் ஒரு தேர்வு வைத்து, ஒரு பள்ளிக்கு 20 முதல் 40 பேர் வரை எடுக்கிறார்கள். இரண்டு ஆசிரியர்கள் பொறுப்பு. அரசே பள்ளிகளுக்கு டி.எஸ்.எல்.ஆர். கேமரா கொடுத்தது. படத்தொகுப்புக்குக் 'கேடென்லைவ்', ஒலிக்கு 'ஆடாசிட்டி' என எல்லாம் கட்டற்ற மென்பொருள்கள். காசும் இல்லை, திருட்டு நகலும் இல்லை, பிள்ளை வீட்டுக் கணினியிலும் போட்டுக்கொள்ளலாம். பள்ளியில் நடப்பதை மாணவர்கள் செய்தியாக எடுத்து அனுப்புகிறார்கள். மாநிலக் கலைவிழாவுக்கும் இவர்களே கேமராவோடு போகிறார்கள்.

கேமராவைத் தூக்குவது இதில் சின்ன வேலை. ஒரு பள்ளியில் நிகழ்ச்சி நடத்துவதன் பெரிய எதிரி சத்தம். மின்விசிறி, அடுத்த வகுப்பில் ஒப்பிக்கும் வாய்ப்பாடு, சாலையில் பஸ் ஹாரன், சரியாகப் பேட்டியின் நடுவில் அடிக்கும் மணி. அடுத்தது நேரம். 40 நிமிட வகுப்பில் கருவிகளை எடுத்து வைப்பதற்கே 10 நிமிடம் போய்விடும். மூன்றாவது, ஆள். நன்றாகத் தொகுக்கக் கற்றுக்கொண்ட பிள்ளை பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு என்று போய்விடுவான். பொறுப்பாசிரியர் மாற்றலாகிப் போனால் கேமரா பீரோவுக்குள் போய்விடும். கேரளம் எட்டாம் வகுப்பிலேயே ஆள் எடுப்பதும், ஒவ்வோர் ஆண்டும் புதிய அணி சேர்ப்பதும் இதற்காகவே செய்ததுபோல் பொருந்துகிறது. மூத்தவன் போவதற்குள் இளையவன் தயாராகிவிடுவான்.

இன்னொரு கேள்வி, எதைக் காட்டலாம் என்று யார் முடிவு செய்வது? அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் ஹேசல்வுட் ஈஸ்ட் பள்ளியில் 1983-ல் மாணவர்கள் நடத்திய இதழிலிருந்து இரண்டு பக்கங்களைத் தலைமையாசிரியர் நீக்கினார். மாணவியரின் கர்ப்பம், பெற்றோரின் விவாகரத்து பற்றிய கட்டுரைகள் அவை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1988-ல் 5-க்கு 3 என்ற கணக்கில் பள்ளிக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. அது அச்சு இதழ்தான் என்றாலும், பள்ளி நடத்தும் எந்த ஊடகத்துக்கும் அதே தர்க்கம்தான். ஆண்டு விழாவையும் மூலிகைத் தோட்டத்தையும் எடுத்தால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். கழிப்பறையில் தண்ணீர் வராததை ஒரு மாணவி எடுத்துக்கொண்டு வந்தால்? எந்த ஊரிலும் அந்த இடத்தில்தான் நிகழ்ச்சியின் தைரியம் தெரியும்.

தமிழ்நாட்டில் பொருளுக்குப் பஞ்சம் இல்லை. 2006 செப்டம்பர் 15 முதல் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு இலவச வண்ணத் தொலைக்காட்சி போனது. 2011 செப்டம்பர் 15 முதல் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவர்களுக்கு லட்சக்கணக்கில் மடிக்கணினி கிடைத்தது. அதில் ஒரு பள்ளிச் செய்தியைத் தொகுக்கும் அளவு வலு தாராளமாக இருந்தது. 2019 ஆகஸ்ட் 26 அன்று 'கல்வித் தொலைக்காட்சி' என்ற சேனலும் வந்தது. அடுத்த ஆண்டே கொரோனா. பள்ளிகள் மூடிக்கிடந்தபோது பல மாவட்டங்களின் ஆசிரியர்கள் கேமரா முன் நின்று பாடம் நடத்திப் பழகினார்கள். கரும்பலகைக்கு முன் 20 ஆண்டு நின்றவர்கள், எதிரே பிள்ளைகளே இல்லாமல் பேசுவதற்கு எவ்வளவு தடுமாறியிருப்பார்கள்! அவர்கள் உழைப்பைக் குறைத்துச் சொல்ல முடியாது.

ஆனால் 1961-ல் டெல்லி போட்ட அதே கணக்குதான் இதுவும். நல்ல ஆசிரியர் அந்தப் பக்கம், பிள்ளை இந்தப் பக்கம். 2022-ல் அரசுப் பள்ளிகளில் சிறார் திரைப்படங்கள் திரையிடத் தொடங்கி, பார்த்த படத்தைப் பற்றிப் பிள்ளைகளைப் பேசவும் எழுதவும் வைத்தபோதுதான் திரைக்கும் பிள்ளைக்கும் நடுவே கொஞ்சம் பேச்சு வந்தது. பெட்டி, மடிக்கணினி, சேனல் என்று ஒவ்வொன்றும் தனித்தனியாக வந்தன. எட்டாம் வகுப்பில் 20 பேரை எடுத்து, இரண்டு ஆசிரியரைப் பொறுப்பாக்கி, "உங்கள் பள்ளிச் செய்திக்கு வாரத்தில் இத்தனை நிமிடம்" என்று சேனலில் ஒதுக்கும் ஏற்பாடு மட்டும் அவற்றோடு சேர்ந்து வரவில்லை.