நாலு பாம்புக்கு ஒரு ஊசி

1891, மழைக்காலம். பிரெஞ்சு ஆட்சியில் இருந்த தென் வியட்நாமின் பாக் லியூ பக்கம் வெள்ளம் சூழ, நாகங்கள் ஊருக்குள் ஏறின. நாற்பது பேரைக் கடித்தன; நான்கு பேர் இறந்தார்கள். பிடிபட்ட பாம்புகள் சைகோனில் புதிதாகத் தொடங்கியிருந்த பாஸ்டர் ஆய்வகத்துக்கு, ஆல்பர்ட் கால்மெட் என்ற இளம் மருத்துவரிடம் வந்து சேர்ந்தன.

முந்தைய ஆண்டுதான் பெர்லினில் பெரிங்கும் கிடாசாட்டோவும் ஒன்றை நிறுவியிருந்தார்கள். டெட்டனஸ் நச்சைத் தாங்கப் பழகிய விலங்கின் சீரம், இன்னொரு உயிரையும் அந்த நச்சிலிருந்து காக்கும். பாம்பு விஷத்துக்கும் இது பொருந்தும் என்று 1894இல் பாரிஸில் பிசாலியும் பெர்த்ராண்டும் விரியன் விஷத்தை வைத்துக் காட்டினார்கள். கால்மெட் நாக விஷத்தை வைத்துக் காட்டினார். பிறகு லீல் நகரில் குதிரைகளுக்கு விஷத்தைச் சிறுகச் சிறுக ஏற்றி மருந்து எடுக்கத் தொடங்கினார்.

நாகத்துக்கு எடுத்த மருந்து எல்லாப் பாம்புக்கும் கேட்கும் என்பது அவர் நம்பிக்கை. கேட்கவில்லை. கண்ணாடி விரியனிடம் அது பலிக்காது என்று இந்தியாவில் ஜார்ஜ் லாம்ப் காட்டினார். பிரேசிலில் வித்தால் பிரசிலும் அங்குள்ள பாம்புகளை வைத்து அதையே கண்டார். நாக விஷம் நரம்பை முடக்கி மூச்சை நிறுத்துகிறது. கண்ணாடி விரியனின் விஷம் ரத்தத்தை உறையவிடாமல் செய்கிறது. பாம்புக்குப் பாம்பு விஷம் வேறு, மருந்தும் வேறு.

அதனால்தான் இந்திய மருந்துக்கு நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நாலின் விஷமும் குதிரைக்கு ஏறுகிறது. அந்த விஷத்தின் பெரும்பங்கு வந்த இடம் சென்னை அருகே வடநெம்மேலி. தோலுக்காகப் பாம்பு பிடித்துவந்த இருளர் பழங்குடியினருக்கு அந்த வணிகம் தடையானபின், 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. பாம்பைப் பிடித்து, விஷம் எடுத்து, மறுபடி காட்டிலேயே விடுகிறார்கள்.

இந்த மருந்தில் உள்ள குதிரையின் புரதம் நம் உடலுக்கு அந்நியம். கடும் ஒவ்வாமை வரலாம். அதனால் அட்ரினலினைக் கையருகே வைத்துக்கொண்டுதான் மருந்தை ஏற்றுவார்கள். கடிபட்ட எல்லோருக்கும் போடுவதும் இல்லை. இமை தொங்குகிறதா, கண்ணாடிக் குழாயில் எடுத்த ரத்தம் 20 நிமிடத்தில் உறைகிறதா என்று பார்த்து, விஷம் ஏறியது உறுதியானால்தான் போடுவார்கள். குழந்தைக்கும் பெரியவருக்கும் ஒரே அளவு. ஆளைப் பார்த்துப் பாம்பு விஷத்தைக் குறைப்பதில்லையே! கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் இந்த மருந்துக்கு ஈடாகாது. கடிபட்ட கையை, காலை அசைக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதுதான் முதலுதவி.

மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் மூக்கு மேல்நோக்கிய ஒரு குழிவிரியன் உண்டு. இந்த நாலு பாம்பு மருந்து அதற்குக் கேட்காது. கால்மெட்டின் நம்பிக்கை தோற்ற இடத்தில் கற்ற பாடம் இதுதான்: எந்த மண்ணில் எந்தப் பாம்பு கடிக்கிறதோ, அதன் விஷத்திலிருந்துதான் அந்த மண்ணின் மருந்து வரவேண்டும்.