வன்முறைத் தடுப்பு நிதி: யாருக்குப் பயிற்சி, யாருடைய செலவு?

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை தோல் தொழிற்பகுதியில் தலித் பெண்கள் பலர் காலணித் தொழிற்சாலைகளில் உழைக்கின்றனர். வேறு பலர் வீட்டிலிருந்தே ஜோடிக் கணக்குக் கூலிக்கு அப்பர் தைக்கின்றனர். மேற்பார்வையாளரின் அத்துமீறல், தெருவில் சாதி இழிசொல், வீட்டில் அடி ஆகிய மூன்றையும் ஒரே பெண் சந்திக்க நேரலாம். ஆகவே தடுப்புப் பணி ஆண்களிடமும் இளைஞர்களிடமும் தொடங்கியாக வேண்டும். அதற்கான நிதியை யார் தருவது?

வன்கொடுமைத் தடுப்பு விதிகள், 1995 இதற்கு வழிவகுத்துள்ளன. வன்கொடுமை நிகழக்கூடிய பகுதிகளுக்காக விழிப்புணர்வு மையங்களையும் பயிலரங்குகளையும் அரசு நடத்த வேண்டும் என்கிறது விதி 3(1)-இன் எட்டாம் உட்பிரிவு. அவற்றை நடத்தும் தன்னார்வ அமைப்புகளுக்கு நிதியுதவி அளிக்கச் சொல்கிறது ஒன்பதாம் உட்பிரிவு. எனினும், பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கு அவர்தம் உரிமைகளைக் கற்பிப்பதே அம்மையங்களின் நோக்கம். ஒடுக்குவோருக்கான பாடம் அதில் இல்லை.

இக்குறையின் விளைவைத் தென்மாவட்டம் காட்டியது. 2023 ஆகஸ்டில் நெல்லை மாவட்டம் நாங்குநேரியில் தலித் மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும் வெட்டப்பட்டனர். குற்றஞ்சாட்டப்பட்டோரில் உடன் பயின்ற மாணவர்களும் இருந்தனர். அதன்பின் அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு குழு, அனைத்துச் சமூக மாணவர்களும் இடம்பெறும் சமூக நீதி மாணவர் படையை 2024 ஜூனில் பரிந்துரைத்தது.

செலவைப் பொறுப்புக்கேற்பப் பிரிப்பதே நியாயம். தொழிற்சாலைக்குள் விழிப்புணர்வுப் பயிலரங்கு நடத்துவது, பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013, பிரிவு 19-இன்படி முதலாளியின் கடமை, செலவும் அவருடையதே. ஆதிக்கச் சாதி இளைஞர்களுக்கான பயிற்சிக்குக் கல்வி, இளைஞர் நலத் துறைகளின் பொதுநிதி செலவாகட்டும். பட்டியல் சாதியினருக்கான சிறப்பு நிதி நம் கல்விக்கும் வாழ்வாதாரத்துக்கும் உரியது. பிறரின் சாதிவெறியைத் தணிக்க அதிலிருந்து ஒரு ரூபாயும் எடுக்கலாகாது. நம் தெரு ஆண்களிடமும் பேச வேண்டியுள்ளது. விழிப்புணர்வு மையங்கள் கற்பிக்க வேண்டிய சட்டங்களுள் குடும்ப வன்முறைச் சட்டம், 2005 அடங்கும் என்பதால், அதற்கு ஒன்பதாம் உட்பிரிவின்கீழ் நிதி கோரலாம்.

2019-இல் பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. விதி 17-இன்படி மூன்றிலும் மாவட்டக் கண்காணிப்புக் குழு மூன்று மாதங்களுக்கு ஒருமுறையேனும் கூட வேண்டும். விழிப்புணர்வுக்கு எவ்வளவு செலவானது, யார் பயிற்சி பெற்றனர், பயன் விளைந்ததா என்று அப்பகுதிப் பெண்களிடம் கேட்கப்பட்டதா? இம்மூன்று வினாக்களையும் அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சேர்க்குமாறு குழு உறுப்பினர்களிடம் எழுத்து வடிவில் கோருவோம்.