படையும் பெருநோயும்: தோலுக்கடியில் தெரிந்த உண்மை



நமது தோட்டப்புறங்களில் ஒருவருடைய முழங்கையிலோ முழங்காலிலோ வெள்ளைச் செதிலோடு படை கண்டால் உடனே பேச்சுக் கிளம்பிவிடும். லயத்தின் ஒரு கோடியில் "குஷ்டமாம்" என்று தொடங்கினால், மறுகோடிக்குப் போவதற்குள் பேசிவைத்த கல்யாணமும் நின்றுவிடும். குளிருக்கு என்று சொல்லிக்கொண்டு, கையை மறைக்கவே ஸ்வெட்டர் போடுகிறவர்கள் நம் மத்தியில் இருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு இருப்பது சொரியாசிஸ். அது தொற்றாத நோய். இரண்டையும் ஒன்றாக்கிப் பார்க்கும் பழக்கத்துக்குப் பெரிய வரலாறு உண்டு. அதைத்தான் இன்று பேசப்போகிறோம்.

ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளாகச் செதில் படையையும் பெருநோயையும் வைத்தியர்கள் பிரித்துப் பார்க்கவில்லை. 1808இல் லண்டன் வைத்தியர் ராபர்ட் வில்லன் செதில் படையைத் தெளிவாக வர்ணித்தார். ஆனால் அவரும் அதற்கு 'லெப்ரா' என்ற பெயரையே சேர்த்து வைத்தார். 1841இல் வியன்னாவின் ஃபெர்டினாண்ட் ஹெப்ராதான் அந்தப் பெயரை எடுத்துவிட்டு, சொரியாசிஸ் வேறு நோய் என்று நிறுவினார்.

நம் நாட்டுக் கதையையும் நினைத்துப் பாருங்கள். பெருநோயாளருக்கென ஒல்லாந்தர் 1708இல் ஹெந்தளையில் வைத்தியசாலை கட்டினார்கள். ஆங்கிலேயர் 1901இல் சட்டம் போட்டு நோயாளரை ஒதுக்கி வைத்தார்கள். குடும்பத்தைப் பிரிக்கும் நோய் என்ற பயம் அப்படித்தான் ஊரில் வேர்விட்டது.

ஹெப்ராவின் மாணவர் ஹைன்ரிக் ஔஸ்பிட்ஸின் பெயரால் ஓர் அடையாளம் உண்டு. சொரியாசிஸ் செதிலை மெல்லச் சுரண்டி எடுத்தால், அடியில் ஊசி குத்தியது போல இரத்தப் புள்ளிகள் எழும். அவருக்கு முன்பே சிலர் இதைக் கண்டிருந்தார்கள். இந்தப் புள்ளிகள் எங்கிருந்து வருகின்றன?

விடைக்கு இன்னும் பின்னால் போக வேண்டும். 13ஆம் நூற்றாண்டில் கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அன்நஃபீஸ், இரத்தம் இதயத்தின் வலப்பக்கத்திலிருந்து நுரையீரல் வழியாகவே இடப்பக்கம் சேர்கிறது என்று எழுதினார். 1628இல் வில்லியம் ஹார்வி உடல் முழுவதும் இரத்தம் சுற்றுவதைக் காட்டினார். நாடியிலிருந்து நாளத்துக்கு அது எப்படிப் போகிறது என்பது மட்டும் தெரியவில்லை. 1661இல் இத்தாலியரான மார்செல்லோ மல்பீகி, தவளையின் நுரையீரலை நுணுக்குக்காட்டியில் பார்த்து, இரண்டையும் இணைக்கும் மயிர்க்குழாய்களைக் கண்டார்.

உயிருள்ள மனிதத் தோலில் அவற்றைப் பார்க்க நெடுங்காலம் பிடித்தது. 1912 அளவில் அமெரிக்கரான வாரன் லொம்பார்ட், தோலில் ஒரு துளி எண்ணெய் விட்டால் ஒளி சிதறுவது குறைந்து, நுணுக்குக்காட்டியில் மயிர்க்குழாய்கள் தெரியும் என்று காட்டினார். எண்ணெய் பட்ட காகிதத்தில் மறுபக்க எழுத்துத் தெரிவதை நம் பிள்ளைகளும் அறிவார்கள். வழி அவ்வளவு எளியது!

அப்படிப் பார்த்தபோது புள்ளிகளின் காரணமும் விளங்கியது. சாதாரணத் தோலில் மயிர்க்குழாய் சிறு கொண்டை ஊசி போல வளைந்து நிற்கும். சொரியாசிஸில் அது நீண்டு, விரிந்து, முறுக்கிக்கொண்டு மேற்பரப்புக்குக் கிட்ட வந்துவிடும். அதன் மேலுள்ள தோல் மெலிந்திருப்பதால் செதிலை எடுத்ததும் இரத்தம் கசியும்.

இன்று சுரண்டத் தேவையில்லை. டெர்மோஸ்கோப் என்ற கைக்கருவியில் பார்த்தால், படை முழுவதும் ஒரே சீராகப் பரவிய சிவப்புப் புள்ளிகள் தெரியும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு முறுக்கிய குழாயின் நுனி. 1991இல் அறிமுகமான ஓசிடி முறையின் புதிய வடிவம் இன்னும் ஒருபடி மேலே. ஒரே இடத்தை ஒளியால் திரும்பத் திரும்பப் படமெடுத்து, அசைவதை மட்டும் பிரித்தெடுக்கிறது. தோலுக்குள் அசைவது இரத்தம். ஆகவே ஊசியும் சாயமும் இல்லாமல் குழாய்களின் படம் கிடைக்கிறது. மருந்து வேலை செய்கிறதா என்பதையும் ஆய்வாளர்கள் இதில் பார்க்கிறார்கள்.

நம்மைப் போன்ற மாநிறத் தோலில் சிவப்பு நிறம் எளிதில் தெரியாது. படை ஊதாவாகவோ சாம்பலாகவோ தோன்றும். அதனால் வெறுங்கண்ணால் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது இன்னும் ஆபத்து.

பெருநோய்த் தேமலில் பெரும்பாலும் உணர்ச்சி குறைந்திருக்கும். சொரியாசிஸ் படையில் உணர்ச்சி இருக்கும், அரிக்கவும் செய்யும். எதுவானாலும் தீர்மானிக்க வேண்டியவர் தோல் வைத்திய நிபுணர். வீட்டில் சுரண்டிப் பார்க்க வேண்டாம்; புண்பட்ட இடத்தில் புதிய படை வரலாம். பெருநோயே என்றாலும் அதைக் குணப்படுத்தும் கூட்டு மருந்து நம் நாட்டில் இலவசமாகக் கிடைக்கிறது. ஆகவே ஒதுக்கி வைக்க எந்த நோயாளியும் இல்லை.

2014இல் உலக சுகாதார சபை சொரியாசிஸைத் தொற்றாத நோய் என்று தீர்மானத்திலேயே எழுதியது. அந்த ஒரு வரியை நம் லயங்களுக்குக் கொண்டுபோவது நமது வேலை. பக்கத்து வீட்டில் யாரேனும் கையை மறைத்துக்கொண்டிருந்தால் அவர்களோடு உட்கார்ந்து ஒரு தேநீர் குடியுங்கள். கிளினிக்குக்கு வரத் தயங்கினால் கூடப் போங்கள்.

இறைவன் எல்லோருக்கும் சுகத்தைத் தருவானாக.