காரைக்கால் எல்லையில் நின்றவர்கள்

தஞ்சை மன்னரிடமிருந்து பிரெஞ்சுக்காரர் 1739-ஆம் ஆண்டில் பெற்ற காரைக்கால், ஏறத்தாழ 160 சதுர கிலோமீட்டர் பரப்பேயுள்ள சிறு பிரதேசமாயினும், ஒரு புறம் கடலும் ஏனைய புறங்களில் ஆங்கிலேயர் ஆட்சியும் சூழ நெடுங்காலம் இருந்தமையால், அங்கே காவல் புரிந்தவனுக்கு ஊரின் அளவை மிஞ்சிய பாரம் வந்து சேர்ந்தது. சோழர் காலத்துச் சாசனங்கள் ஊர்க்காவலுக்காக வாங்கிய பாடிகாவல் என்ற வரியை மறவாமல் குறிக்கின்றன. விழித்திருந்தவனின் தேகசிரமத்தையோ கணக்கில் எழுதுவோர் பின்னாளிலும் அரிதாகவே இருந்தனர்.

எல்லைக்கு அப்பால், பிரிட்டிஷ் இந்தியாவில், 1861-ஆம் ஆண்டின் போலீஸ் சட்டம், காவலன் எந்நேரமும் கடமையில் இருப்பவனாகவே கருதப்படுவான் என்று விதித்தது. மனிதனுடைய உறக்கத்தையும் குடும்பத்தையும் ஒரே வாக்கியத்தில் சர்க்காருக்கு உடைமையாக்கிய அந்த விதியை என்னால் ஏற்க இயலவில்லை.

இப்பால், கெப்பி என்னும் செந்நிறத் தொப்பி அணிந்த பிரெஞ்சுக் காவலனின் சங்கடம் வேறு விதமானது. பிரெஞ்சு இந்தியாவுக்கும் பிரிட்டிஷ் இந்தியாவுக்கும் 1941-இல் ஏற்பட்ட சுங்க உடன்பாடு 1949-இல் முறிந்தபோது, வயல் வரப்புகளெல்லாம் மீண்டும் சுங்க எல்லைகளாயின. தங்கமும் வெளிநாட்டுச் சாமான்களும் இரவோடிரவாகக் கடந்தன. அதே ஆண்டுகளில் விடுதலை கோரி ஊர்வலம் சென்றோரைத் தடுக்க நின்றவன், அவர்களிடையே தன் சொந்தபந்துக்களின் முகங்களையும் கண்டிருப்பான். கள்ளனைத் துரத்தும் அலுப்பு உறங்கினால் தீரும். உற்றாரை எதிர்த்து நிற்கும் வேதனை அவ்விதம் தீர்வதன்று. 1954 நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. முந்திய நாள் வரை ஒரு மூவர்ணக் கொடிக்கு வணக்கம் செலுத்திய கை, அன்று மற்றொரு மூவர்ணக் கொடிக்கு உயர்ந்தது. சட்டப்படியான ஒப்படைப்பு 1962 ஆகஸ்டு 16-இல்தான் நிறைவேறியது.

கெப்பி இன்றும் காரைக்கால் அடங்கிய புதுச்சேரிக் காவலரின் தலையில் இருக்கிறது; எல்லையின் தொல்லையும் முற்றும் நீங்கிவிடவில்லை. நாகூரை ஒட்டிய வாஞ்சூரிலும் தரங்கம்பாடிப் பக்கத்துப் பூவத்திலும், இப்புறம் மலிவாகக் கிடைக்கும் மது எல்லை கடப்பதைக் கண்காணிக்க வேண்டியிருக்கிறது. இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை சனிப்பெயர்ச்சி வரும்போது, 2023 டிசம்பரில் வந்ததைப் போல, இப்பிரதேசத்துத் திருநள்ளாற்றில் லட்சக்கணக்கானோர் நளதீர்த்தத்தில் நீராடித் தோஷம் நீங்கிய ஆறுதலோடு திரும்புகின்றனர். அவர்களுக்கு வழிவிட்டு வெயிலிலும் பனியிலும் பந்தோபஸ்து பார்ப்பவன் எப்போது அமர்ந்தான், எப்போது உண்டான் என்று அக்கூட்டத்தில் எவர் கேட்பார்?

பக்கத்துத் தமிழ்நாட்டில் இக்கேள்வியைச் சர்க்காரே கேட்கத் தொடங்கியிருப்பது எனக்கு மெய்யான நம்பிக்கை தருகிறது. பெங்களூரு நிமான்ஸ் மருத்துவ நிலையத்தின் துணையோடு 2018-இல் காவலர் நிறைவாழ்வுப் பயிற்சி அங்கே தொடங்கப்பட்டது; 2021-இல் வாராந்திர ஓய்வுக்கு ஆணையும் பிறந்தது. அப்பயிற்சியில் காவலரோடு அவர்தம் குடும்பத்தாரையும் சேர்த்துக்கொண்டதை நான் பெரிதும் போற்றுகிறேன். காவலன் வீட்டுக்குச் சுமந்து வரும் சினத்தையும் சோர்வையும் முதலில் அறிகிறவர்கள் அவர்களே.