எளிய தமிழும் இறைமொழியும்: கிறித்தவத் தமிழ் உரைநடையின் ஒரு வரலாறு

ஜொகூர் மாநிலத்தின் குளுவாங் மாவட்டத்தில் உள்ள லாயாங் லாயாங், இரயில் பாதையை ஒட்டி அமைந்த சிற்றூர். சுற்றிலும் ரப்பர்த் தோட்டங்களும் பின்னாளில் செம்பனைத் தோட்டங்களும் பரவிய நிலப்பகுதி அது. இத்தகைய தோட்டப்புறங்களுக்கு இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளருள் மிகப் பெரும்பாலோர் இந்துக்கள். சிறு பகுதியினர் கிறித்தவர். அவர்களுள் எழுத்தறிந்தோர் குறைவு. ஒருவர் வாசிக்க, ஏனையோர் செவிமடுப்பர். எனவே சமயக் கருத்து கேட்ட அளவில் விளங்கியாக வேண்டும். மறுமுறை புரட்டிப் பார்க்க அவர்கள் கையில் ஏடில்லை. இவ்வாறு கேட்போர்க்கென ஒரு தமிழ் உருவாக ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் தேவைப்பட்டன. அந்த எளிமை எவ்வாறு ஈட்டப்பட்டது, எது எளிமை என்பதை யார் முடிவு செய்தனர் ஆகிய வினாக்களை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிசு சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. உள்ளூரார் சிலரின் துணையோடு செபங்களையும் விசுவாச அறிக்கையையும் தமிழாக்கி மனப்பாடம் செய்துகொண்டார். கைமணி அடித்துச் சிறுவர்களைக் கூட்டி அவற்றை உருப்போடச் செய்தார். இம்முறை எளியதுதான். ஆயினும் அந்தத் தமிழாக்கத்தில் ஒரு பெரும் பிழை நேர்ந்திருந்தது. 'நம்புகிறேன்' என்னும் பொருள் வரவேண்டிய இடத்தில் 'வேணும்' என்ற சொல் நின்றது. 1544இல் உடன்பணியாளர் மன்சிலாசுக்கு எழுதிய கடிதத்தில் சவேரியார் இதனைச் சுட்டி, அவ்விடத்தில் விசுவாசத்தைக் குறிக்கும் சொல்லை வழங்குமாறு பணித்தார். அதுவரை அச்சொல்லைச் சொல்லி வந்தவர்கள் கடவுளை நம்புவதாக அன்றி, வேண்டும் என்பதாகவே கூறிவந்தனர் போலும்! மறு ஆண்டு மலாக்காவுக்கு வந்தபோதும் சவேரியார் இதே வழியில் செபங்களை மலாய் மொழியில் பெயர்க்கச் செய்தார் என்பது நம் நாட்டு வரலாற்றோடு இணைத்து நோக்கத்தக்கது.

பிழையை உணர்வது ஒன்று, மொழியைக் கற்பது வேறொன்று. பின்னதைச் செய்தவர் அண்டிரிக் அடிகளார் எனத் தமிழில் வழங்கப்பெறும் என்றீக்கு என்றீக்கசு. 1547 முதல் முத்துக்குளித்துறை மக்களிடையே வாழ்ந்து அவர்தம் பேச்சைப் பயின்ற இவர், போர்த்துக்கீசியருக்காகத் தமிழ் இலக்கணம் ஒன்றும் எழுதினார். 1578 அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் அச்சான இவருடைய 'தம்பிரான் வணக்கம்' பதினாறே பக்கங்கள் கொண்டது. இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் இந்தியாவில் அச்சேறிய, இன்று கிடைக்கும் முதல் நூல் என்பதால் அச்சு வரலாற்றில் அது பெரிதும் பேசப்படுகிறது. அதன் தலைப்பு அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. 'கிறித்தவக் கோட்பாடு' எனப் பொருள்படும் போர்த்துக்கீசியத் தலைப்புக்கு நிகராக, மக்கள் முன்பே இறைவனைக் குறிக்க வழங்கிய 'தம்பிரான்' என்னும் சொல்லையும் 'வணக்கம்' என்னும் அன்றாடச் சொல்லையும் அவர் தெரிந்தெடுத்தார். பரதவப் பெருமக்கள் அச்சுப்பணிக்குப் பொருளுதவியும் செய்தனர்.

எனினும் எளிமை ஒன்றே நெறியாக அமைந்துவிடவில்லை. 1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி, கற்றோர் அவையில் ஏற்கப்படும் பொருட்டு வடசொல் மிகுந்த நடையைக் கையாண்டார். கடலோர மீனவர்க்கு ஏற்ற தமிழ் மதுரையில் மதிப்புப் பெறாது என்பது அவர் கணிப்பு. அக்கணிப்பு தவறென்று கூறுவதற்கில்லை.

1706 சூலையில் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு வேறு வழியில் தொடங்கினார். திண்ணைப்பள்ளிச் சிறுவர்களுடன் தரையில் அமர்ந்து மணலில் எழுத்துப் பயின்றார். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1714, 1715ஆம் ஆண்டுகளில் அச்சாயிற்று. அதன் தமிழை வீரமாமுனிவர் 'வேத விளக்கம்' என்னும் நூலில் கடுமையாக எள்ளினார். இவ்விடத்தில் ஒன்றைக் கருதுதல் வேண்டும். 'தேம்பாவணி' பாடிய அதே முனிவர்தாம் உபதேசியார்க்கென 'வேதியர் ஒழுக்கம்' என்னும் உரைநடை நூலையும், பேச்சுத் தமிழுக்கு இலத்தீனில் கொடுந்தமிழ் இலக்கணத்தையும் இயற்றினார். அவ்விலக்கணம் 1738இல் அச்சானது அவர் சாடிய தரங்கம்பாடி அச்சகத்திலேயே! ஆகவே அவர் எள்ளியது எளிமையை அன்று, திருத்தமின்மையை எனக் கொள்ளலே பொருந்தும். சமயப் போட்டியின் சினமும் அதில் கலந்திருந்தது என்பதை மறுப்பதற்கில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிக்கல் வேறு வடிவம் கொண்டது. பப்ரிசியசின் விவிலிய மொழிபெயர்ப்பு மூலத்தைச் சொல்லுக்குச் சொல் பின்பற்றியது. தமிழ்த் தொடரமைப்பு பல இடங்களில் நலிந்தது. பாளையங்கோட்டையில் பணியாற்றிய இரேனியசு, பொருளை முதன்மையாகக் கொண்டு இயல்பான தமிழில் பெயர்க்க வேண்டும் என வாதிட்டு, 1827இல் மொழிபெயர்ப்பு நெறி குறித்து ஒரு கட்டுரையும் வெளியிட்டார். மக்களுக்கு எளிதாக்கவே அவர் முயன்றார். அதனை எதிர்த்தவரோ மக்களிடையே பாடித் திரிந்த தஞ்சை வேதநாயக சாஸ்திரியார். தலைமுறைகளாகக் கேட்டும் பாடியும் நெஞ்சில் பதிந்த சொற்களை மாற்றும் உரிமை அயலார்க்கு இல்லை என்பது அவர் நிலைப்பாடு. அயலவர் ஒருவர் எளிமைக்காக வாதாட, தமிழ்ப் புலவர் ஒருவர் பழகிய அருமைக்காக வாதாடினார். முன்னவரின் அளவுகோல் இலக்கணத் தெளிவு. பின்னவரின் அளவுகோல் செவிப்பழக்கம். இவ்விரண்டையும் எளிமை என்ற ஒரே சொல்லால் குறிப்பதனால்தான் இவ்வழக்கு இன்றளவும் தீராதிருக்கிறது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

இறைவனைச் சுட்டும் சொல்லின் போக்கே இதற்குச் சான்று. சீகன்பால்குவிடம் 'சர்வேசுரன்', பப்ரிசியசிடம் 'பராபரன்', இரேனியசிடமும் 1871இல் வெளிவந்த பவர் குழுவினரின் மொழிபெயர்ப்பிலும் 'தேவன்', 1995இல் கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையினரும் இணைந்து வெளியிட்ட 'திருவிவிலியம்' நூலில் 'கடவுள்'. பழைய கத்தோலிக்கச் செபங்களில் போர்த்துக்கீசிய ஒலியோடு நின்ற 'இஸ்பிரீத்து சாந்து' பின்னர்ப் 'பரிசுத்த ஆவி'யாகி, இன்று 'தூய ஆவி'யாக வழங்குகிறது. வகுப்பறையில் இச்சொற்களை வரிசைப்படுத்திக் காட்டினாலே, வடமொழிக் கலப்புத் தமிழிலிருந்து இன்றைய தமிழுக்கு வந்த பாதை மாணவர்க்குப் புலனாகும்.

திருவிவிலியம் வெளிவந்த பின்னும் சீர்திருத்தச் சபையினர் பலர், மலேசியத் தமிழர் உட்பட, 'தேவன்' என்றும் 'கர்த்தர்' என்றும் கூறும் பழைய மொழிபெயர்ப்பையே வழிபாட்டில் வாசித்து வருகின்றனர். எளிய சொல் எது என அவர்களைக் கேட்டால், தாயும் பாட்டியும் சொல்லக் கேட்ட சொல்லையே காட்டுவர்.