திகிற்படத்தின் தொடக்கமும் மாணவரின் திட்டக்கோவையும்

'திறில்லர்' என வழங்கும் திகிற்படத்தைக் கலைத்தரம் குன்றிய வெகுசனப் பண்டமென ஒதுக்கிவிடும் போக்கு முற்போக்குத் திறனாய்வாளரிடையே நெடுங்காலம் நிலவி வந்துள்ளது. அதனை உத்திகளின் தொகுதியாக மட்டும் கொண்டு, அவ்வுத்திகளை மாணவருக்குப் பயிற்றும் போக்கு மேலைநாட்டுக் கல்விக்கூடங்களிலே வளர்ந்துள்ளது. முரணானவை போலத் தோன்றும் இவ்விரு போக்குகளும் ஓர் அம்சத்தில் ஒன்றுபடுகின்றன. அவ்வடிவத்துக்கு ஒரு வரலாறு உண்டு என்பதை இரண்டுமே மறந்துவிடுகின்றன. திகிற்படமொன்றின் முதல் இரண்டு நிமிடங்களைத் திட்டமிட அமரும் மாணவரின் கையிலே தரப்படும் தாள்களும் விதிகளும் எத்தகைய உற்பத்தி உறவுகளிடையே தோன்றின என்பதை நோக்குவதே இக்கட்டுரையின் எல்லையாகும்.

'இரண்டு நிமிடங்கள்' என்பது எமது கற்பனையன்று. ஒக்ஸ்போட், கேம்பிரிட்ஜ், றோயல் கலைச் சங்கம் ஆகிய மூன்றின் பெயர்களையும் தாங்கிய ஆங்கிலப் பரீட்சைச் சபை, 2008ஆம் ஆண்டு முதல் பயிற்றப்பட்ட தனது ஊடகக் கல்விப் பாடத்திட்டத்தில் மாணவர்க்கு ஒரு செயன்முறைப் பணியை விதித்திருந்தது. புதியதொரு புனைகதைத் திரைப்படத்தின் பெயரெழுத்துக்களையும் தொடக்கத்தையும் இரண்டு நிமிடத்துக்கு மேற்படாது ஆக்குதல் வேண்டும். 100 புள்ளிகளில் 20 ஆராய்ச்சிக்கும் திட்டமிடலுக்கும், 60 ஆக்கத்துக்கும், 20 மாணவரின் சுயமதிப்பீட்டுக்கும் உரியன. எவ்வகைப் படம் என்பது விதிக்கப்படவில்லை. எனினும் மாணவர் பலர் திகிற்படத்தையே தேர்ந்தனர். இதற்கு உளவியற் காரணம் தேட வேண்டியதில்லை. மாடிப்படி ஒன்று, ஆளரவமற்ற வாகனத் தரிப்பிடம் ஒன்று, தலையை மூடிய மேலங்கி ஒன்று ஆகியன போதும், வேறு செலவில்லை. 2017இல் தொடங்கிய பாடத்திட்டச் சீரமைப்புடன் இப்பணி அவ்வடிவிலே முடிவுற்றது. ஆயினும் அது எழுப்பும் வினா முடிந்துவிடவில்லை. ஒருபோதும் எடுக்கப்படாத ஒரு படத்துக்குத் தொடக்கம் மட்டும் எடுப்பது என்பது, சற்று நின்று எண்ணிப் பார்த்தால், விந்தையானதொரு செயலே.

திட்டமிடற் கோவையில் மாணவர் சேர்க்கும் முதன்மையான தாள்கள் இரண்டு. ஷொட் ஒவ்வொன்றையும் இலக்கமிட்டு எழுதும் பட்டியல் ஒன்று. அவற்றைச் சிறு கட்டங்களில் வரைந்து வரிசைப்படுத்தும் 'ஸ்ரோறிபோட்' மற்றொன்று. இவற்றுள் முன்னதன் தோற்றுவாய் 1910களின் கலிபோர்னியாவிலே காணப்படுவது. தோமஸ் இன்ஸ் என்னும் தயாரிப்பாளர் தமது படப்பிடிப்பு நிலையத்தில் விரிவான படப்பிரதியைக் கட்டாயமாக்கினார். எந்த இடத்தில், எந்த உடையில், எந்த நடிகர், எத்தனை ஷொட்டுகள் என்பன முன்கூட்டியே தாளில் இருந்தன. படம் பிடிப்பவர் அத்தாளின்படி பிடித்துக் கொடுப்பார். செலவைத் தயாரிப்பாளர் அத்தாளைக் கொண்டே கணிப்பார். சிந்திப்போர் வேறு, செய்வோர் வேறு எனப் பிரிக்கும் தொழிற்சாலை ஒழுங்கு கலையுற்பத்தியிலே நுழைந்த வாயில்களுள் இதுவுமொன்று. ஸ்ரோறிபோட் 1930களின் தொடக்கத்தில் வோல்ற் டிஸ்னியின் கேலிச்சித்திர நிலையத்தில் உருவானது. பலர் பங்குபோட்டு வரையும் வேலையைச் சுவரிலே ஊசிகுத்தி மேற்பார்வை செய்வதற்கு அது உதவிற்று. ஆகவே மாணவரின் கோவையிலுள்ள இவ்விரு தாள்களும் பிறப்பினால் முதலாளியின் கட்டுப்பாட்டுக் கருவிகள். இதனாலேயே அவை பயனற்றவை என்று கூற முற்படின் அது கொச்சைப் பொருள்முதல்வாதமாகும். கருவியின் பிறப்பு ஒன்று. அது பிறிதொரு கையிற் பெறும் வாழ்வு வேறொன்று.

அப்பிறிதொரு கை மொஸ்கோவிலே இருந்தது. 1919 ஆகஸ்டில் சோவியத் அரசு சினிமாத் தொழிலைத் தேசியமயமாக்கியது. அதே ஆண்டு மொஸ்கோவில் அரசுத் திரைப்படப் பள்ளி தோன்றியது. அடுத்த ஆண்டு அங்கு பயிற்றத் தொடங்கிய லெவ் குலெஷோவ் 1899இல் பிறந்தவர். மாணவரிற் சிலர் அவரைவிட வயதில் மூத்தோர். அவருடைய பட்டறையிலே பூடோவ்கின், பார்னெற், கொக்லோவா முதலியோர் பயின்றனர். ஐஸன்ஸ்ரைனும் சில மாதங்கள் அங்கிருந்தார். ஆசிரியர் இருந்தார், மாணவர் இருந்தனர், படச்சுருள்தான் இருக்கவில்லை. றஷ்யா படச்சுருளை இறக்குமதியையே நம்பிப் பெற்றுவந்தது. உள்நாட்டுப் போரும் முற்றுகையும் அவ்வழியை அடைத்தன. தனியார் கொம்பனிக்காரர் இருந்த சரக்கை எடுத்துக்கொண்டும் ஒளித்துக்கொண்டும் அகன்றனர்.

இந்த இல்லாமையிலிருந்து பிறந்தவையே 'படச்சுருளற்ற படங்கள்' எனப்படும் பயிற்சிகள். சிறு மேடையொன்றிலே திரைச்சீலைகளை விரைவாகத் திறந்தும் மூடியும், ஷொட்டுக்குப் பின் ஷொட்டாக, மாணவர் ஒரு கதையை நிகழ்த்தினர். ஒவ்வொரு துண்டும் சட்டகத்துள் எவ்வாறு அமையும், கையசைவு எக்கோட்டிற் செல்லும், எவ்விடத்தில் வெட்டு விழும் என்பன முன்னரே தீர்மானிக்கப்பட்டன. சட்டகத்தைக் கட்டங்களாகப் பிரித்து அதனுள் நடிகரின் அசைவை அளந்தனர். இன்ஸின் நிலையத்தில் திட்டத்தை ஒருவர் எழுத, நடிப்பவர் வேறொருவர். இங்கோ திட்டமிட்டவர்களே நடித்தனர். அரங்கப் பொருள்களைச் சுமந்தவர்களும் அவர்களே. தாள் ஒன்றுதான், உழைப்பின் உறவு வேறு. திட்டமிடலைப் படப்பிடிப்புக்கு முந்திய சடங்காக அன்றி, படப்பிடிப்புக்கு ஈடான கலைச் செயலாக ஆக்கியது வறுமையே என்பது மனங்கொள்ளத்தக்கது.

இப்பட்டறையினர் திகிற்படத்தை நாடியமைக்கும் காரணமுண்டு. குலெஷோவ் திரையரங்குகளிலே படத்தைப் பார்த்ததுடன் பார்வையாளரையும் பார்த்தார். மலிவான இருக்கைகளில் அமர்ந்த எளிய சனங்கள் றஷ்ய நாடகப் பாங்கான படங்களைவிட அமெரிக்கத் துரத்தற் படங்களையும் துப்பறியும் படங்களையுமே ஆர்வத்துடன் இரசித்தனர். அப்படங்களில் ஷொட்டுகள் குறுகியன, எண்ணிக்கையில் மிக்கன என்பதைக் கண்டு, அந்த இரசனையைப் பழிக்காது 1922இல் அதுபற்றி ஒரு கட்டுரை எழுதினார். தொழிலாளி எதை இரசிக்கிறான் என்பதை அவனுக்காக மற்றவர் தீர்மானித்துவந்த ஒரு காலத்தில், அவன் எதை இரசிக்கிறான் என்று போய்ப் பார்த்த செயல் அது. எம்மிடையேயுள்ள திறனாய்வாளரில் எத்தனைபேர் அதைச் செய்திருக்கிறோம் என்ற கேள்வியை இங்கு தவிர்க்க முடியவில்லை.

படச்சுருள் கிடைத்ததும் பட்டறை 1924இல் 'போல்ஷெவிக்குகளின் நாட்டில் மிஸ்ரர் வெஸ்ற்' பற்றிய நகைச்சுவைப் படத்தை எடுத்தது. 1925இல் வெளிவந்த 'மரணக் கதிர்' ஒரு முழுத் திகிற்படம். கதையைப் பூடோவ்கின் எழுதினார். முதலாளித்துவ நாடொன்றில் தொழிலாளர் போராட்டம் நிகழ்கிறது. அழிவுக் கதிரொன்றைப் பாசிஸ்டுகள் கவர்கின்றனர். சண்டை, துரத்தல், பாய்ச்சல் என்பன ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வருகின்றன. அரசியல் உள்ளடக்கத்தில் குறையில்லை. நுட்பத்திலும் குறையில்லை. அவ்வாறிருந்தும் படம் தோல்வியுற்றது. கதை குழம்பியது எனவும் உத்திகளின் கண்காட்சி எனவும் அக்கால விமர்சகர் கண்டித்தனர். அக்கண்டனத்தின் பின்னாலிருந்த கடுமை எமக்கு உடன்பாடன்று. குலெஷோவ் பின்னர் 1930களில் உருவவாதி என்ற முத்திரையைச் சுமக்க நேர்ந்ததும், அதன் பின்னரும் பள்ளியில் நீடித்து 1944இல் அதன் தலைவராகியதும் தனியே எழுதப்பட வேண்டிய கதை. எனினும் 'மரணக் கதிர்' பற்றிய மதிப்பீடு சரியானதே. இப்பட்டறை அமெரிக்கப் படத்திலிருந்து வேகத்தை எடுத்துக்கொண்டது, அச்சத்தை எடுத்துக்கொள்ளவில்லை. செய்து காட்டவேண்டிய உத்திகளின் பட்டியலிலிருந்து திட்டம் தொடங்கியமையால் யார் எதற்கு அஞ்சுகிறார் என்ற வினாவுக்கு இடமில்லாது போயிற்று. எண்பது ஆண்டுகளின் பின் இங்கிலாந்தின் வகுப்பறையிலே முகமூடி, கத்தி, இருண்ட காடு எனப் பட்டியலிட்டு அமர்ந்த மாணவனும் இதே இடத்திலேயே இடறுகிறான்.

அவ்வினாவுக்கு விடையளித்த தொடக்கமொன்றை விரிவாக நோக்குவோம். பிரிற்ஸ் லாங் நெறிப்படுத்தி, தேயா பொன் ஹார்பூவுடன் சேர்ந்து எழுதிய 'எம்' 1931 மே மாதம் பெர்லினிலே திரையிடப்பட்டது. வேலையின்மை நாளுக்குநாள் பெருகிக்கொண்டிருந்த காலம். மறு ஆண்டின் தொடக்கத்தில் ஜேர்மனியிலே வேலையற்றோர் தொகை 60 இலட்சத்தை எட்டிற்று. சிறுமியரைக் கொல்லும் ஒருவனைப் பற்றிய இப்படம் கொலைகாரனுடன் தொடங்கவில்லை. இருண்ட திரையிலே முதலிற் கேட்பது ஒரு குழந்தையின் குரல். பின்னர் தொழிலாளர் குடியிருப்பின் முற்றம். வட்டமாக நின்ற பிள்ளைகள், கொலைகாரனைப் பற்றிய பாட்டைப் பாடி ஒவ்வொருவராக வெளியேற்றும் விளையாட்டை ஆடுகின்றனர். துணிக்கூடை சுமந்து மாடியேறும் பெண் அவர்களை அதட்டுகிறாள். கூடையைப் பெற்றுக்கொள்ளும் திருமதி பெக்மன், பாட்டுக் கேட்கும்வரை பிள்ளைகள் அங்கிருக்கின்றன என்றாவது தெரிகிறதே என்கிறாள். சுவரிலே குயில் மணிக்கூடு பன்னிரண்டு அடிக்கிறது. அவள் கைகளைத் துடைத்துவிட்டு மகளுக்குத் தட்டு வைக்கிறாள்.

இதன்பின் வருவன பலராலும் பேசப்பட்டவை. பந்தை அடித்துக்கொண்டு வரும் சிறுமி எல்சி, விளம்பரத் தூணிலே அப்பந்தை எறிகிறாள்; தூணில் 10,000 மார்க் வெகுமதி அறிவிக்கும் சுவரொட்டி; அதன்மீது ஒரு மனிதனின் நிழல் விழுகிறது. கண்பார்வையற்றவர் ஒருவரிடம் அம்மனிதன் பலூன் வாங்கிக் கொடுக்கிறான். வீட்டிலே தாய் காத்திருக்கிறாள். மணி ஓசை கேட்டுக் கதவைத் திறந்தால், வந்திருப்பவர் தொடர்கதையின் புதிய பகுதியை விற்பவர். விறுவிறுப்பான அத்தியாயம் என்கிறார். அவள் வாங்கிக்கொள்கிறாள். இச்சிறு நிகழ்ச்சி போதிய கவனம் பெறவில்லை என்பது எமது கருத்து. திகிற் கதையைத் தவணை முறையிலே வாங்கும் சலவைத் தொழிலாளியின் வாசலில் உண்மையான திகில் ஏற்கெனவே வந்து நிற்கிறது. பண்டமாகிய திகிலும் வாழ்வாகிய திகிலும் ஒரே கதவடியிலே சந்திக்கின்றன. பின்னர் அவளது அழைப்புக் குரல், வெறுமையான மாடிப்படிச் சுழல், துணி காயும் மேன்மாடம், தொடப்படாத தட்டு, புல்லிலிருந்து உருண்டுவரும் பந்து, கம்பிகளிற் சிக்கிய பலூன். கொலை காட்டப்படவேயில்லை.

இத்தொடக்கத்திலே நேரத்தை அளப்பது மணிக்கூடு மட்டுமன்று, வேலையுமாகும். துணி தோய்த்தல், உருளைக்கிழங்கு சீவுதல், தட்டு வைத்தல் என்னும் உழைப்பின் ஒழுங்கு முதலிலே நிறுவப்படுகிறது. பிள்ளையைப் பள்ளிவாசலில் எதிர்கொள்ள அவ்வுழைப்பு அவளை விடுவதில்லை. அந்த ஒழுங்கிலே விழும் ஓட்டைதான் அச்சம். நிழலும் வெற்றிடமும் பின்னர் எண்ணற்ற படங்களிலே பின்பற்றப்பட்டன. அந்தச் சலவைக்கூடை பின்பற்றப்பட்டதாகத் தெரியவில்லை.

போருக்குப் பிந்திய ஹொலிவூட்டிலே தொடக்கம் தனிப் பண்டமாகும் நிலை தோன்றியது. 1948இன் உச்ச நீதிமன்றத் தீர்ப்புப் பெருநிறுவனங்களின் திரையரங்கு ஏகபோகத்தை உடைத்தமையும், தொலைக்காட்சியின் போட்டியும், ஒவ்வொரு படத்தையும் தனித்தனியே விற்கவேண்டிய தேவையை உண்டாக்கின. 1950களில் விளம்பர வரைகலைஞராகிய சோல் பாஸ் பெயரெழுத்துக்களை ஒரு கலையாக்கினார். இதே காலத்தில் ஒர்சன் வெல்ஸ் யூனிவர்சல் நிறுவனத்துக்காக எடுத்த 'டச் ஒவ் ஈவில்' (1958) தொடக்கம் யாருக்குரியது என்ற வினாவை அப்பட்டமாக எழுப்பிற்று. காரொன்றிலே குண்டு வைக்கப்படுவதிலிருந்து மெக்சிக்க எல்லையைக் கடந்து அது வெடிக்கும்வரை, மூன்று நிமிடத்துக்கு மேல் வெட்டில்லாது நீளும் ஒரே ஷொட். நிறுவனம் அதன்மேல் பெயரெழுத்துக்களையும் இசையையும் ஏற்றிவிட்டது. வெல்ஸ் 58 பக்க விண்ணப்பமொன்றை எழுதினார்; பெரும்பகுதி ஏற்கப்படவில்லை. அவர் 1985இல் மறைந்தார். 1998இலேயே வோல்ற்றர் மேர்ச் அவ்விண்ணப்பத்தைக் கொண்டு மறுதொகுப்புச் செய்தபோது எழுத்துக்கள் அகன்றன. எல்லைப்புறத் தெருவின் வானொலிகளும் மதுக்கடை ஓசைகளும் கேட்டன. நாற்பது ஆண்டுகளாக நிறுவனத்தின் பெயர்ப்பட்டியல் மறைத்து நின்றது ஒரு தெருவை.

மாணவரின் பணியிலும் பெயரெழுத்துக்கள் விதிக்கப்பட்டிருந்தன. இல்லாத படத்துக்கு இல்லாத கொம்பனியொன்றின் இலச்சினையைப் பெரும்பாலோர் மிகுந்த அக்கறையோடு ஆக்கிச் சேர்த்தனர். முதலிலே கற்றுக்கொண்டது உடைமையாளரின் பெயரை எங்கே வைப்பது என்பதை.

அப்பாடத்திட்டத்திலே இரண்டு நிமிடத் தொடக்கத்துக்கு முன்னர் செய்யவேண்டிய பூர்வாங்கப் பயிற்சியொன்றும் உண்டு. ஒருவர் கதவைத் திறந்து, அறையைக் கடந்து, இன்னொருவருக்கு எதிரிலுள்ள கதிரையில் அமர்ந்து, அவருடன் ஓரிரு வரி பேசவேண்டும். அசைவின் தொடர்ச்சி, எதிரெதிர் ஷொட்டுகள், 180 பாகை விதி ஆகியவற்றை மாணவர் கற்றனரா என்பதை இதனாற் சோதிப்பர். குலெஷோவின் மேடையிலும் இத்தகைய சிறு பயிற்சிகளே நிகழ்ந்தன. இப்பயிற்சியைக் குற்றங்கூற எமக்கு மனமில்லை. கதவும் அறையும் கதிரையும் எந்தப் பள்ளியிலும் கிடைக்கும். ஆனால் திட்டக்கோவையின் முதற்றாளிலே, ஷொட் இலக்கத்துக்கு முன், ஒரு வரிக்கு இடமிருக்கவேண்டும்: ஏற்கெனவே அமர்ந்திருப்பவர் யார், முதலாளியா, அதிகாரியா, பொலிஸ்காரரா, கடன் கொடுத்தவரா, கதவைத் தட்டிவிட்டு நின்றவர் எந்த வேலையை அரைகுறையாக விட்டுவிட்டு அங்கே வந்தார்?